ரங்கநாயகிக்கு ஒரு லேசான சிஸ்டம்

ஏப்ரல் 8, செவ்வாய்

பரண்மேல் கிடந்த கம்ப்யூட்டரை இன்று கீழே இறக்கினேன். மில்லில் எங்கள் இ.டி.பி. என்கிற கம்ப்யூட்டர் பிரிவை மூடியபோது கழித்துப் போட்டதை நானே கேட்டு வாங்கி வந்தது. பெண்டியம் ஃபோர், ஒரு ஜிபி ராம். உள்ளே ஒரு பல்லிக் குடும்பம் வாழ்ந்து முடித்திருந்தது. துடைத்து, ராம் என்கிற நினைவுப் பலகையைக் கழற்றி அதன் பல்லை அழிரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஒரு பீப் சத்தம் வந்தது. உயிர் இருக்கிறது.

எதற்கு இந்த வேலை என்று பிற்பாடு படித்தால் எனக்கே புரிய வேண்டும் என்பதற்காக எழுதி வைக்கிறேன். ரங்கநாயகிக்குப் பேச்சு போய்விட்டது. கார்த்திகையில் நாக்கு குழறியது. மாசிக்குள் ஒரு வார்த்தையும் புரியாமல் போனது. மூன்று வீடு தள்ளி இருப்பவர்களோடு நம் வாசலில் நின்றே பேசி முடிக்கிற தொண்டை அவளுடையது. நரம்பு டாக்டர் நோயின் பெயரை இங்கிலீஷில் சொன்னார். முதலில் பேச்சு, பிறகு கை, பிறகு மற்றதெல்லாம். மருந்து கிடையாது. "கை இருக்கறப்பவே அவங்க பேசறதுக்கு ஏதாச்சும் ஏற்பாடு பண்ணிக்குங்க சார்" என்றார். பேசுவதற்குக் கை எதற்கு என்று வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பேனா பிடிக்க அவளால் ஆகவில்லை. செல்போனில் விரல் இழுத்துக்கொண்டு போய் வேறு எதையோ தொடுகிறது. ஆனால் இந்தப் பழைய கீபோர்டின் உயரமான கீகளை வலது ஆள்காட்டி விரலாலும் இடது கட்டைவிரலாலும் அழுத்த முடிகிறது. கல்யாணத்துக்கு முன்பு தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியவள். எது எங்கே என்று விரலுக்குத் தெரியும். அவள் அடிக்க, கம்ப்யூட்டர் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. இரண்டு நாளில் முடித்துவிடலாம்.

ஏப்ரல் 10, வியாழன்

இதிலுள்ள பழைய விண்டோஸில் எனக்குத் தெரிந்து தமிழ் பேசும் குரல் எதுவும் ஓடவில்லை. அதை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ்தான் போட வேண்டும். எந்த ரக லினக்ஸ் என்பதில்தான் இன்டர்நெட்டில் ஊரே அடித்துக்கொள்கிறது. லுபுண்டு என்கிறான் ஒருவன். அது இந்த மாதிரிப் பழைய 32 பிட் மெஷினை எப்போதோ கைகழுவிவிட்டது. டெபியன் போட்டு மேலே ஒன்றும் போடாதே என்கிறான் இன்னொருவன். ஆன்டிஎக்ஸ், பப்பி என்று மேலும் பட்டியல் நீள்கிறது. யாரும் யாரையும் மதிப்பதில்லை. மில் யூனியன் கூட்டம் தோற்றது.

நான் ஒரே கணக்கு வைத்திருக்கிறேன். சிஸ்டம் எழுந்து உட்கார்ந்ததும் எவ்வளவு ராமைத் தின்கிறது? அது குறைவாகத் தின்றால்தான் குரலுக்கு மிச்சம் இருக்கும். இதை அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். நன்றாகக் கேட்டாள். அப்புறம் கண்ணால் தண்ணீர்ச் சொம்பைக் காட்டினாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிரவீணா பெங்களூரிலிருந்து வந்திருந்தாள். எங்கள் ஒரே மகள். ஐ.டி.யில் இருக்கிறாள் என்பதால் எல்லாம் தெரியும் என்று நினைப்பு.

"ஏனுங்ப்பா, இந்தக் கருமத்தக் கட்டி அழுவறதுக்கு நான் ஒரு லேப்டாப் வாங்கித் தர்றனே? நாளைக்கே வந்துரும்."

"லேப்டாப் கீயெல்லாம் தட்டையா இருக்கும். உங்கம்மா விரல் வழுக்கும்."

"இதே கீபோர்ட அதுல மாட்டலாமுங்ப்பா. சின்னதா ஒரு கன்வெர்ட்டர் போதும்."

"அதெல்லாம் சரியா வேலை செய்யாது."

"செய்யும். உங்களுக்குத்தான் ஏதாச்சும் ஒன்னப் பிரிச்சுப் போட்டு ரிப்பேர் பண்ணீட்டே இருக்கோணும்."

பெற்ற அப்பனிடம் பேசுகிற பேச்சா இது? ரங்கநாயகி எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பென்றால் இந்த இடத்தில் புகுந்து இருவரையும் ஒரு பிடி பிடித்திருப்பாள். வீட்டில் சண்டை போட்டால் விலக்கிவிட ஆள் இல்லை என்பது இன்றுதான் தெரிந்தது.

ஏப்ரல் 17, வியாழன்

முதல் சிஸ்டம் ஏறியது. தமிழ் எழுத்து வர வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக வருகிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

கட்டம் போகவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கட்டம் போய்விட்டது. ஆனால் அவள் கீயை அழுத்தி, எழுத்து திரையில் வருவதற்குள் ஒரு கொட்டாவி விடலாம். வந்ததா இல்லையா என்று தெரியாமல் மறுபடி அழுத்துகிறாள்; இரண்டாக வருகிறது; அழிக்கிறாள். மூன்றாவது வார்த்தையில் கையை மடியில் போட்டுவிட்டாள். "விடு ரங்கா, வேற போடறேன்" என்றேன்.

மே 4, ஞாயிறு

நடுவில் போட்டது இரண்டு, தூக்கி எறிந்தது இரண்டு. இன்று பப்பி. நாய்க்குட்டி என்று பெயர் வைத்திருந்தாலும் ஓட்டத்தில் சிறுத்தை. பென்டிரைவிலிருந்து எழுந்து மொத்தமும் ராமுக்குள் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. டிஸ்க்கும் பழையது, கரகரவென்று பல் கடிக்கிறது. அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

மத்தியானம் ரங்கநாயகியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தேன். அடித்து முடித்து, பேச வைக்க நான் சொல்லிக்கொடுத்த எஃப்2 கீயை அழுத்தினாள். ஸ்பீக்கரில் ஒரு தகரக் குரல் சொன்னது: "காபி குடிச்சீங்களா".

மாசிக்கு அப்புறம் இந்த வீட்டில் அவள் கேட்ட முதல் கேள்வி. சமையல்கட்டுக்குள் போய் நின்றுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அடுத்தது தயாராக இருந்தது: "ஆம்பளக் கொரலுங்க".

அதுவும் சரிதான். பெண் குரலாக்கப் பார்த்தேன். டப்பாவுக்குள் குழந்தை அழுகிற மாதிரி ஆனது. ஆண் குரலே இருக்கட்டும் என்று விட்டாள்.

மே 9, வெள்ளி

"வாங்க, போங்க, சொல்லுங்கன்னு அடிக்க எத்தன கீ! 'ங்க'வ விட்டுரு. கை மிச்சமாகும். நமக்குள்ள என்ன மரியாத" என்று அவளிடம் சொன்னேன். நிதானமாக அடித்தாள். எஃப்2. "சும்மா இருங்க".

பழனியம்மாள் சிரித்துவிட்டாள். பகலில் ரங்கநாயகியைப் பார்த்துக்கொள்ள வருகிற அம்மாள். தலை சீவுவது, துடைத்துவிடுவது, குழாய் வழியாகக் கஞ்சி விடுவது எல்லாம் இவள்தான். இப்போதெல்லாம் இவளுக்கும் கம்ப்யூட்டரிலிருந்து திட்டு விழுகிறது. "எண்ணெய் ஏன் இத்தன" என்று தகரக் குரல் கேட்டால், "இந்தாங்கம்மா, தொடச்சர்றேன்" என்று அதைப் பார்த்தே பதில் சொல்கிறாள்.

மே 15, வியாழன்

"இங்க வந்து உக்காருங்க" என்று அடித்தாள். அழுத்தியதற்கும் சத்தம் வந்ததற்கும் நடுவே சின்னத் தாமதம். ஒலி செட்டிங்கில் ஏதோ கோளாறு. சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து சரி செய்தேன். இப்போது சுத்தமாக இருக்கிறது.

மே 27, செவ்வாய்

ஒவ்வொரு ராத்திரியும் சிஸ்டத்தை அணைக்கும்போது இன்றைய வேலையைச் சேமிக்கட்டுமா என்று பப்பி கேட்கும். வேண்டாம் என்று கொடுப்பேன். இதுதான் கடைசி என்று நான் இன்னும் முடிவு பண்ணவில்லை. முடிவு பண்ணாத சிஸ்டத்தில் குப்பை சேர்க்கக் கூடாது. இது மில்லில் நாங்கள் கடைப்பிடித்த ஒழுங்கு. என் செட்டிங்குகளை மட்டும் தனிப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். காலையில் ஒரே கமாண்டில் எல்லாம் ஏறிவிடும். தினமும் புதுசு மாதிரி எழுந்து வருகிறது.

ஜூன் 6, வெள்ளி

"நான் போனப்பறம் பிரவீணாகூட சண்ட போடாதீங்க".

இந்த "அப்பறம்" வரும்போது குரல் ற-வை ர மாதிரி சொல்கிறது. இதைவிட நல்ல குரல் ஒன்று இருக்கிறது, பெண் குரல். ஆனால் அதற்கு ராம் போதாது. இன்னொரு ஒரு ஜிபி போட்டால் ஓடலாம். இந்தக் காலத்து ராம் இதில் சேராது. பழைய சாமான் கடைகளில்தான் தேட வேண்டும்.

ஜூன் 18, புதன்

இடது கட்டைவிரல் நின்றுவிட்டது. இனி வலது ஆள்காட்டி விரல் மட்டும்தான். இடது பக்கத்துக் கீகள் அவளுக்குத் தூரம். கீபோர்டைக் கொஞ்சம் வலப்பக்கமாக நகர்த்தி, அடியில் இரண்டு டெலிபோன் டைரக்டரி வைத்தேன். ஷிஃப்டை அழுத்திப் பிடிக்காமல் தட்டிவிட்டாலே போதும் என்று மாற்றிவிட்டேன். இப்படி ஒரு வசதி இதில் இருப்பது பலருக்குத் தெரியாது.

ரொம்ப பயமாக இருக்கிறது.

ஜூலை 2, புதன்

நல்ல குரலுக்கு ஆன்டிஎக்ஸ்தான் தோது என்று படிக்கிறேன். ராம் கிடைத்ததும் மாற்றிவிடலாம். அதுவரை பப்பியே ஓடட்டும்.

"நேரம் இருந்தா வாங்க பேசலாம்" என்றாள். குரல் மாறட்டும், அப்புறம் எவ்வளவு வேண்டுமானாலும் பேசு என்றேன்.

ஜூலை 9, புதன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் அந்த ராம் இருப்பதாகத் தெரிந்தது. காலையில் சிஸ்டத்தைப் போட்டு, அவளை முன்னால் உட்கார வைத்துவிட்டுக் கிளம்பினேன். ராம் கிடைத்தது. ஒரே தடவையில் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பஸ்ஸில் வரும்போது அதைச் சட்டைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் மின்விசிறி ஓடவில்லை. ரங்கநாயகி இருட்டுத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். விரல் இன்னும் கீபோர்டின் மேல் இருந்தது.

"இன்னிக்கு நம்ம பக்கம் பூராவும் கரண்டு இல்லீங்களாமா சார். பொழுதோடதான் வருமாமா" என்றாள் பழனியம்மாள்.

மாதத்துக்கு ஒரு நாள் பராமரிப்புக்காக நிறுத்துவதுதான். முந்தின நாள் பேப்பரிலேயே போட்டுவிடுவார்கள். இருபது வருஷமாக நான் அதைப் பார்த்துச் சொல்லித்தான் இந்தத் தெருவே மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்றி வைக்கும். நேற்று பேப்பரைப் பிரிக்கவே இல்லை. ஆன்டிஎக்ஸ் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். யு.பி.எஸ். பேட்டரி செத்துப் போனதும் எனக்குத் தெரியும். சிஸ்டம் முடிவான பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

"கரண்டு எப்பப் போச்சு? அம்மா ஏதாச்சும் அடிச்சுட்டு இருந்தாங்களா?"

"அதையேனுங் கேக்கறீங்க. நீங்க அக்கட்ட போனதுல இருந்து ஒரே அடிப்புங்க. கஞ்சிக்குக்கூட விரலை எடுக்க மாட்டேன்னுட்டாங்க. பேச வெக்கற பட்டன அமுத்தவே இல்ல. அடிச்சுட்டே இருந்தாங்க. நடுவுல ஒருக்கா சிரிச்சாங்க."

"என்ன அடிச்சாங்கன்னு பாத்தீங்களா?"

"அவங்க உங்களுக்கு அடிக்கறதுங்க. அத நான் எப்பிடிங்க எட்டிப் பாக்கறது?" பிறகு கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்: "கம்ப்யூட்டர் டிவி இருட்டானதும் கண்ணுல தண்ணி வந்துச்சுங்க. வேர்வையாட்ட இருக்குதுன்னு தொடச்சு உட்டேன்."

சாயங்காலம் கரண்டு வந்தது. போட்டேன். தினமும் வருகிற மாதிரியே புதுசாக, துடைத்து வைத்தது போல எழுந்து வந்தது. ஒரு எழுத்து கிடையாது. ராமில் இருந்தது கரண்டோடு போயிற்று. தேடி எடுக்க வழியே இல்லை. இதை உலகத்தில் யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை, எனக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் தேடினேன்.

அப்புறம்தான் இன்னொன்று தோன்றியது. இன்றைக்கு அடித்தது மட்டுமில்லை. காபி குடிச்சீங்களா என்றதிலிருந்து நேற்று வரைக்கும் அவள் பேசியது ஒன்றுகூட எங்கேயும் இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் வேண்டாம் வேண்டாம் என்று என் கையாலேயே கொடுத்திருக்கிறேன். என் செட்டிங் எல்லாம் பத்திரமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

கேட்டேன். மறுபடி அடிக்கிறாயா ரங்கா என்று. கண்ணை மூடிக்கொண்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஆன்டிஎக்ஸை ஹார்ட் டிஸ்க்கிலேயே போட்டுவிட்டேன். இதுதான் கடைசி. இரண்டு ஜிபி ராம். ஒவ்வொரு நிமிஷமும் தானாகச் சேமிக்கும்; டிஸ்க்கில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று. யு.பி.எஸ்.ஸுக்குப் புது பேட்டரி. நல்ல குரலும் ஓடுகிறது. நடுத்தர வயதுப் பெண் குரல், ற சுத்தமாக வருகிறது. "சோதனை, சோதனை" என்று அடித்துக் கேட்டேன். ரங்கநாயகி கட்டிலிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

ஜூலை 14, திங்கள்

உட்கார வைத்தேன். விரலை எடுத்துக் கீயின் மேல் நானே வைத்தேன். அழுத்துகிறாள் என்று முகத்தைப் பார்த்தால் தெரிகிறது. நெற்றி நரம்பு புடைக்கிறது. கீ இறங்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

இறங்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

பிரவீணா வந்தாள். கரண்டு போன விஷயத்தைப் பழனியம்மாள் சொல்லிவிட்டிருக்கிறாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள்.

"ஏப்ரல்லயே லேப்டாப் வந்திருந்தா மூணு மாசம் பேசியிருப்பாங்க. இல்லீங்களாப்பா?"

"இதுலயும் ரெண்டு மாசம் பேசுனா."

"பேசுனாங்க. நீங்க கேட்டீங்களா?"

சண்டை போடாதீங்க என்று ரங்கநாயகி சொன்னது ஞாபகம் வந்ததால் சும்மா இருந்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை.

போகும்போது ஒரு வழி சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். எழுத்துகளை நாம் வரிசையாகச் சொல்ல வேண்டுமாம். வேண்டிய எழுத்து வந்ததும் அம்மா இமைப்பாள். இல்லை என்றால் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒரு வார்த்தைக்கு ரொம்ப நேரம் ஆகும். "மெஷினே வேண்டாமுங்ப்பா, பக்கத்துல உக்காந்தாப் போதும்" என்றாள்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

கன்னத்தை அசைத்தாலே எழுத்து விழுகிற மாதிரி ஒரு சுவிட்ச் செய்கிறேன். திரையில் எழுத்துகள் தானாக நகரும், வேண்டியது வரும்போது அழுத்தினால் போதும். மவுஸின் பட்டனைக் கழற்றிச் சாலிடர் பண்ணிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுவிட்ச் வேலை செய்கிறது. என் கன்னத்துக்கு. அவள் கன்னத்தில் அந்த அளவு பலம் இல்லை. இன்னும் மெல்லிய ஸ்பிரிங் வேண்டும்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மூச்சுக்கு மெஷின் வாடகைக்கு வந்துவிட்டது. ராத்திரி முழுக்கப் புஸ் புஸ் என்று சத்தம். இந்த மெஷினில் நான் கழற்றிப் பார்க்க ஒன்றும் இல்லை. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். போகவில்லை. பிரவீணாவிடம் போனில் பேசிக்கொள்ளட்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

மெல்லிய ஸ்பிரிங் தபாலில் வந்தது. மத்தியானம் அதை மாட்டிக்கொண்டிருந்தேன். பழனியம்மாள் உள்ளே வந்து நின்றாள்.

"சார், அம்மா உங்களையேதான் பாத்துட்டு இருக்கறாங்க. எதோ சொல்லோணும் போல."

"இதோ, இது முடிஞ்சதும் சொல்லலாம்."

"அதில்லீங்க. இப்பவே வாங்க."

போனேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பிரவீணா சொன்ன மாதிரி க, ங, ச என்று ஆரம்பித்தேன். ப-வில் இமைத்தாள். ப, பா, பி, பீ என்று போய், பே-யில் மறுபடி இமைத்தாள். "பேன் போடட்டுமா?" என்று எழுந்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டாள். பேப்பரா? இல்லை. பேரனா? நமக்கு ஏது பேரன்! இல்லை. மறுபடி உட்கார்ந்து முதலிலிருந்து வந்தேன். ச வரிசையில் நிறுத்தி, சு-வில் இமைத்தாள்.

பேசு.

"பேசோணுமா? இருங்க, சுவிட்ச் ரெடியாயிருச்சு, கொண்டாறேன்." பதற்றத்தில் அவளை 'ங்க' போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன். அவள் கண்ணை இறுக மூடினாள். இமை நடுங்குகிற அளவுக்கு இறுக்கம். நான் மறுபடி உட்காரும் வரை திறக்கவில்லை. வார்த்தை இன்னும் முடியவில்லை என்று புரிந்தது. வரிசையைத் தொடர்ந்தேன். ங்-கில் இமைத்தாள். அப்புறம் க.

பேசுங்க.

"யாரு? நானா?"

இமைத்தாள்.

"என்ன பேசறது ரங்கா?"

அதற்கு ஒரு எழுத்தும் தரவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் கையைத் துடைத்துக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன். அப்புறம் ஆரம்பித்தேன். "இப்பெல்லாம் சிஸ்டம் டக்குனு எந்திரிச்சுருது. முந்தி மாதிரி இல்ல. ராம் ரெண்டு ஜிபி ஆக்கிட்டேன். என்ன அடிச்சாலும் டிஸ்க்குலயே ஏறிரும், பென்டிரைவ்லயும் ஏறிரும். கரண்டு போனாலும் இனி ஒன்னும் போவாது ரங்கா. ஒரு எழுத்துகூடப் போவாது." ஆன்டிஎக்ஸ் ஏன், பப்பி ஏன் இல்லை என்று சொன்னேன். புதுக் குரல் எப்படி ற சொல்கிறது என்று சொன்னேன். ஸ்பிரிங் எங்கிருந்து வந்தது என்றும் சொன்னேன்.

அதோடு நின்றுவிட்டது. வேறு ஏதாவது வரும் என்று வாயைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் பேசியதெல்லாம் அவள்தான்.

ரங்கநாயகி கண்ணை மூடவில்லை. பழனியம்மாள் கஞ்சியோடு வரும் வரைக்கும் என் முகத்தைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.